முடிவுப் பக்கம் இல்லாத புத்தகம்: வேதாளர் சித்திரக்கதைகள் பற்றி ஒரு வாசிப்பு

இக்கட்டுரைக்கு எடுத்துக்கொண்ட நூலுக்கு அட்டை இல்லை. பதிப்பாண்டு இல்லை. முதற் கதைக்குத் தலைப்பு இல்லை, கடைசிக் கதைக்கு முடிவு இல்லை. இப்படியொரு நூலைப் பற்றி எழுதலாமா என்று எங்கள் தமிழ்ப்பாட ஆசிரியையிடம் கேட்டேன். "எழுதுங்க. ஆனா கதைச் சுருக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டு வந்திடாதீங்க" என்றார். உயர்தர வகுப்பில் இருந்துகொண்டு படக்கதை பற்றி எழுதுவதா என்று வகுப்புத் தோழிகள் சிரித்தார்கள். உம்மாவின் கவலை வேறு. "மண்டையோடு போட்ட புத்தகம் ஓதுற மேசையில வேணாம் மகள்" என்று சொல்லி, அதை அலுமாரியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டார்.

நூல் என்று நான் சொல்வது என் மாமாவின் கையால் கட்டப்பட்ட ஒரு தொகுப்பு. உம்மாவின் மூத்த நானா அவர். சிறுவயதில் சேர்த்த தமிழ்ச் சித்திரக்கதைப் புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சாக்கு ஊசியால் துளையிட்டு, நூல் கோத்து, கோதுமை மாப் பசை தடவிக் காட்போட் அட்டை ஒட்டியிருக்கிறார். அந்தக் காலத்தில் படக்கதை வாசித்த பிள்ளைகள் பலர் இப்படித்தான் செய்வார்களாம். தனிப் புத்தகமாக இருந்தால் இரவல் போய்த் திரும்பாது, தடித்த புத்தகமாக இருந்தால் கேட்பவன் யோசிப்பான் என்பது மாமாவின் விளக்கம். இன்று அதில் பாதிதான் எங்களிடம் உண்டு. தாள் பழுப்பேறி, ஓரம் உதிர்கிறது. கற்பிட்டியின் உப்புக் காற்றுக்கு இரும்பே நிற்பதில்லை, தாள் எம்மாத்திரம்?

மிஞ்சியிருக்கும் பாதியில் வேதாளர் கதைகள் மூன்று, மந்திரவாதி மாண்ட்ரேக் கதை ஒன்று, இரும்புக்கை மாயாவி கதை ஒன்று, கடைசியாக முடிவில்லாத வேதாளர் கதை ஒன்று. காடும் மாயமும் கலந்த கதைகளே இவை எல்லாம்.

முதலில் இவை நம்மிடம் வந்த வழியைச் சொல்லவேண்டும். முத்து காமிக்ஸ் 1972இல் சிவகாசியில் தொடங்கப்பட்டது. அச்சகங்களும் தீப்பெட்டியும் பட்டாசும் நிறைந்த ஊர் அது. முதல் இதழே இரும்புக்கை மாயாவி. 1962இல் இங்கிலாந்தில் தொடங்கிய 'வேலியன்ட்' என்ற சிறுவர் வார இதழில் வந்த தொடர் அது. ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர். ஆய்வுகூட விபத்தில் வலக்கையை இழந்து உருக்குக் கை பொருத்திக்கொண்ட ஒருவன், மின்சாரம் பாய்ந்தவுடன் மறைந்துவிடுவான். கை மட்டும் மறையாது. அந்தரத்தில் ஒரு கை மட்டும் மிதந்துவரும் படங்களை இப்போது பார்த்தாலும் முதுகு சில்லிடுகிறது. அமெரிக்கச் செய்தித்தாள் தொடர்களான வேதாளரையும் மாண்ட்ரேக்கையும் முத்து காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்தது. 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் தொடங்கின.

எழுபதுகளில் இந்திய சஞ்சிகைகளின் இறக்குமதிக்கு நம் நாட்டில் கட்டுப்பாடு இருந்தது. 1977க்குப் பிறகு அது தளர்ந்தது. மாமாவின் ஊர் மன்னார்த் தீவு. தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே அப்போது பயணிகள் கப்பல் ஓடியது. போய்வருவோர் சேலை, சாரம், பனியன் மூட்டைகளோடு இரண்டொரு படக்கதைப் புத்தகங்களும் கொண்டுவருவார்களாம். உம்மாவின் வாப்பா கப்பலடியில் சிறிய தேநீர்க் கடை வைத்திருந்தவர். வாசித்து முடித்த புத்தகங்களைப் பயணிகள் கடை வாங்கிலேயே விட்டுப் போவார்கள், அவர் மகனுக்கு எடுத்து வைப்பார். 1984இல் கப்பல் நின்றது. அப்போது மாமாவுக்குப் பன்னிரண்டு வயது. புதிய புத்தகம் வருவது அருமையாகிப் போனதால்தான் இருந்தவற்றைச் சேர்த்துக் கட்டத் தோன்றியதாம்.

இனி வேதாளருக்கு வருவோம். இவரை உருவாக்கியவர் லீ ஃபால்க் என்ற அமெரிக்கர். 1934இல் மாண்ட்ரேக்கைத் தொடங்கி, 1936 பெப்ரவரி 17ஆம் திகதி இந்த முகமூடிக்காரரைச் செய்தித்தாளில் அறிமுகப்படுத்தினார். 1999இல் இறக்கும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். இறுக்கமான உடுப்பும் கண்மணி தெரியாத முகமூடியும் அணிந்து வந்த இவர், சூப்பர்மேனுக்கு இரண்டு வருடம் மூத்தவர். ஆனால் பறக்க மாட்டார், மலையைத் தூக்க மாட்டார். துப்பாக்கிச் சூடு பட்டால் இரத்தம் வரும்.

கதையின் வேர் இதுதான். 1536இல் ஒரு கப்பலைக் கடற்கொள்ளையர் தாக்குகிறார்கள். கப்பலிலிருந்த ஒரேயோர் இளைஞன் உயிரோடு கரையொதுங்குகிறான். பந்தர் எனப்படும் குள்ள மனிதர்கள் அவனைக் கண்டெடுத்துக் காப்பாற்றுகிறார்கள். தன் தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின்மீது கை வைத்து, கொள்ளையையும் கொடுமையையும் எதிர்ப்பேன், எனக்குப் பின் என் பிள்ளைகளும் எதிர்ப்பார்கள் என்று அவன் சத்தியம் செய்கிறான். அவன் இறந்ததும் மகன் அதே உடுப்பை அணிகிறான், பிறகு அவன் மகன். நம் கதைகளில் வருபவர் இருபத்தோராவது ஆள். முகம் தெரியாததால் ஆள் மாறியது வெளியே எவருக்கும் தெரியாது. நானூறு வருடமாக ஒரே ஆள் சாகாமல் உலாவுகிறார் என்று காடும் கடலும் நம்புகின்றன.

ஆகவே இந்தக் கதையில் மாயம் என்று ஒன்றுமே கிடையாது. இரகசியம் ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். மாண்ட்ரேக் காட்டுவதும் மனோவசியம். அவர் கையசைத்தால் எதிரியின் கைத்துப்பாக்கி பாம்பாகத் தெரியும், ஆனால் பாம்பாகாது. இரும்புக்கை மாயாவிக்கு மின்சாரம். உம்மாவிடம் இதை விளக்கி, "இந்தப் புத்தகம் முழுக்கத் தேடினாலும் ஒரு ஜின் கூட இல்ல உம்மா" என்றேன். "பொறவு எதுக்கு மண்டையோடு?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

தமிழ் படிக்கும் மாணவி என்ற வகையில் என்னை மிகவும் கவர்ந்தது அந்தப் பெயர். ஆங்கிலத்தில் 'ஃபான்டம்' என்றால் ஆவியுரு. இந்தியில் 'வேதாள்' என்றார்கள். வங்காளத்தில் 'அரண்யதேவ்', அதாவது காட்டின் தெய்வம் என்று வைத்தார்கள். தமிழில் 'வேதாளர்'. விக்கிரமாதித்தன் கதை கேட்டவர்களுக்கு வேதாளம் தெரியும், மரத்தில் தலைகீழாகத் தொங்குவது. இலக்கணப்படி அது அஃறிணை. மொழிபெயர்த்தவர் கடைசி 'ம்' ஐ எடுத்துவிட்டு 'ர்' போட்டிருக்கிறார். ஒரே எழுத்தில் பேய் உயர்திணையாகி, மரியாதைப் பன்மையும் பெற்றுவிட்டது. அறியாதவர்களுக்கு அது வேதாளம், அறிந்தவர்களுக்கு அவர் வேதாளர். நாற்பது படங்களில் சொல்லவேண்டிய இரகசியத்தை ஒரு விகுதி சொல்லிவிடுகிறது. அந்த மொழிபெயர்ப்பாளர் யாராயிருந்தாலும் அவருக்கு ஒரு சபாஷ் போடத்தான் வேண்டும்.

ராணி காமிக்ஸ் இதே ஆளை 'முகமூடி வீரர் மாயாவி' என்று அழைத்தது. அதனால் தமிழில் இரண்டு மாயாவிகள் உண்டாகி, யாரேனும் 'மாயாவி' என்றவுடன் "எந்த மாயாவி, கையா முகமூடியா?" என்று கேட்கவேண்டிய நிலை வந்ததாம்.

இன்னொன்று. 'ட', 'ண' ஆகியவை சொல்லுக்கு முதலில் வாரா என்று இலக்கண நூல்களில் படித்திருக்கிறோம். இப்புத்தகத்தில் துப்பாக்கி 'டுமீல்' என்கிறது, வாள் 'ணங்' என்கிறது. தொல்காப்பியர் பார்த்தால் என்ன சொல்வாரோ. ஆங்கிலச் சொற்களுக்காக வரைந்த பேச்சுக் குமிழிகளில் தமிழ் வாக்கியம் அடங்காமல், சில இடங்களில் எழுத்து எறும்பளவாகச் சுருங்கியிருக்கிறது. சில இடங்களில் வாக்கியமே தந்தி போலாகி, அதனாலேயே வேகம் கூடியிருக்கிறது.

பெயரைப் பாராட்டிவிட்டேன். இனி எனக்கு உறுத்தியதைச் சொல்கிறேன். இந்தத் தொகுப்பை நான் முதலில் வாசித்தது தரம் 6இல். மறுபடி முழுதாக வாசித்தது இந்த வருடம். இரண்டாவது வாசிப்பில் நான் வேதாளரை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் நிற்பவர்களைப் பார்த்தேன். காட்டு மக்கள் எப்போதும் கூட்டமாக நிற்கிறார்கள். முரசடிக்கிறார்கள், வாய் பிளக்கிறார்கள், ஓடுகிறார்கள். அவர்களில் பெயர் உள்ளவர் ஒருவரோ இருவரோ. காட்டின் வழக்கைத் தீர்ப்பதற்கு, எங்கிருந்தோ கரையொதுங்கிய ஒரு வெள்ளைக்காரனின் பரம்பரைதான் வரவேண்டியிருக்கிறது. சொந்தக் காட்டில் நானூறு வருடமாகப் பந்தர்களைத் தவிர ஓர் ஆளுக்கும் உண்மை விளங்கவில்லையாம்! வாசிக்கும் நமக்கு மட்டும் முதற் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். 'அவர்கள் ஏமாறுகிறார்கள், எனக்குத் தெரியும்' என்ற எண்ணம்தான் இக்கதைகளின் இனிப்பு. அந்த இனிப்புக்கு யாரோ ஏமாளியாக வரையப்பட வேண்டியிருக்கிறது.

மாண்ட்ரேக்கின் தோழர் லொதார் இன்னும் தெளிவான உதாரணம். அவர் ஆபிரிக்க இளவரசர் என்று கதையே சொல்கிறது. ஆனால் ஆரம்பகாலத் தொடர்களில் சிறுத்தைத் தோல் போர்த்து, கொச்சை ஆங்கிலம் பேசி, பெட்டி தூக்கி நின்றார். 1965க்குப் பிறகு ஓவியர் மாறியபோதுதான் அவருக்கு நல்ல உடுப்பும் நல்ல பேச்சும் கிடைத்தன. லீ ஃபால்க்கும் காலத்தோடு மாறியவரே. வேதாளரின் நாட்டுக்குப் பின்னாளில் தேர்தல் வந்தது, கறுப்பினத்தவரான ஜனாதிபதி வந்தார். இதை மறைத்துவிட்டு அவரைக் குறை சொல்வது நேர்மையாகாது.

அந்தக் காடு எங்கே இருக்கிறது? தொடக்கத்தில் அது ஆசியாவில், சாவகத் தீவுப் பக்கமாக இருந்தது. பிறகு மெல்ல ஆபிரிக்காவுக்கு இடம் பெயர்ந்தது. கொள்ளையர் கூட்டத்துக்கு முதலில் 'சிங்' என்று பெயர். 1964 மார்ச்சில் பம்பாயில் இந்திரஜால் காமிக்ஸ் தொடங்கியபோது, இந்திய வாசகரைப் புண்படுத்தாமல் அதைச் 'சிங்கா' என்று திருத்தினார்கள். 'பங்கல்லா' என்ற நாட்டின் பெயரையும் 'டென்காலி' ஆக்கினார்கள். புலியும் சிங்கமும் ஒரே காட்டில் திரியும். வரைந்தவருக்கு அது எந்தக் காடாயிருந்தாலும் ஒன்றுதான் என்று தெரிகிறது. மாமா சிறுவயதில் அதை வில்பத்து என்றே நினைத்திருந்தாராம். வில்பத்தில் சிறுத்தையும் கரடியும் யானையும் உண்டு, சிங்கம் ஏது என்று கேட்டேன். "நாங்க போய்ப் பாத்தமா மகள்?" என்றார்.

கடலிலிருந்து வந்த அந்நியன் காட்டுக்கு அதிபதியாகும் கதையை நாம் முன்பே கேட்டிருக்கிறோம் என்பது இங்கேதான் எனக்கு நினைவு வந்தது. மகாவம்சத்தில் விஜயன் எழுநூறு தோழர்களோடு தம்பபண்ணியில் இறங்குகிறான். அந்த இடம் புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்துக் காடு கடலைத் தொடும் குதிரைமலைப் பக்கம் என்று கருதுவோர் பலர். அங்கே நூல் நூற்றுக்கொண்டிருந்தவள் குவேனி. ஏற்கெனவே மக்கள் வாழ்ந்த நிலம், ஆனால் அவர்களுக்குக் கதையில் யக்கர் என்று பெயர். குவேனியின் உதவியால் அரசனானவன் அவளைக் கைவிடுகிறான். அவளைத் தன் இனத்தவரே கொல்கிறார்கள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் மலைநாட்டுக்கு ஓடிப்போகிறார்கள். வந்தவன் வீரன், இருந்தவர் பேய். லீ ஃபால்க் மகாவம்சம் வாசித்திருக்கத் தேவையில்லை. கரையொதுங்கியவன் பக்கம் நின்று சொன்னால் எந்தக் கரைக் கதையும் இப்படித்தான் வரும் போலிருக்கிறது.

வேறு விதமாகச் சொன்ன ஒருவரும் நம் கரைக்கு வந்திருக்கிறார். 1344இல் மாலைதீவிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதாவின் கப்பலைக் காற்று இலங்கைப் பக்கம் தள்ளியது. அவர் இறங்கிய துறையைப் 'பத்தாலா' என்று எழுதுகிறார். அது புத்தளம் என்பர் ஆய்வாளர். கரை நெடுகக் கறுவாக் கட்டைகள் ஒதுங்கிக் கிடந்ததைப் பார்த்து வியக்கிறார். ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, முத்துக்கள் தந்து, பாவாதமலைக்குப் போகப் பல்லக்கும் ஆளும் கொடுக்கிறார். போகும் வழியில் அவர் கேட்டு எழுதிய காட்டுக் கதை ஒன்று எனக்கு வேதாளர் கதைகளைவிடப் பிடிக்கும். ஷீராஸ் நகரத்து ஷெய்கு இப்னு கபீப் முப்பது பக்கீர்களோடு காட்டில் வழி தவறுகிறார். பசி தாங்காமல் ஒரு யானைக் குட்டியைப் பிடித்து உண்ண அனுமதி கேட்கிறார்கள். ஷெய்கு தடுக்கிறார். அவர்கள் கேளாமல் அறுத்து உண்கிறார்கள். இரவில் யானைகள் கூட்டமாக வந்து, ஒவ்வொருவர் வாயையும் மோந்து பார்த்துக் கொல்கின்றன. உண்ணாத ஷெய்கை மட்டும் ஒரு யானை தூக்கி முதுகில் ஏற்றி, ஊர் எல்லையில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறது. இங்கே காட்டின் நீதியைக் காடே நடத்துகிறது. முகமூடிக்கு வேலை இல்லை. நம் மாவட்டத்துப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு யாராவது இதைச் சித்திரக்கதையாக வரைந்து தந்தால் என்ன? ஓவியம் பாடமாக எடுத்திருக்கும் தோழிகள் கவனிக்கவும்.

பெண்கள் கல்லூரிச் சஞ்சிகையில் எழுதும்போது இதையும் கேட்கவேண்டும். அந்த முகமூடி ஏன் எப்போதும் மகனுக்கே போகிறது? ஒரேயொரு முறை போகவில்லை. பதினேழாவது வேதாளர் காயப்பட்டுக் கிடந்தபோது, அவருடன் இரட்டையாகப் பிறந்த சகோதரி ஜூலி அந்த உடுப்பை அணிந்து வெளியே போகிறார். 1952இல் வந்த கதை அது. அண்ணன் குணமானதும் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். மாமாவின் தொகுப்பில் அந்தக் கதை இல்லை. இருந்திருந்தால் தரம் 6இலேயே நான் மண்டையோட்டு மோதிரம் கேட்டு அடம் பிடித்திருப்பேன்.

இவ்வளவும் எழுதி முடித்து, மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். காட்டு மக்களைப் பற்றிய பகுதியில் அவர் முகம் மாறும் என்று எதிர்பார்த்துக் கொஞ்சம் தயங்கியே வாசித்தேன். அவருக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆலங்குடாப் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் கணக்குப் பார்க்கிறார். முழுவதும் கேட்டுவிட்டு, "சரியாத்தான் எழுதியிருக்கிறீங்க" என்றார். சிறிது நேரம் கழித்து, "ஆனா மகள், நான் அத அப்பிடி வாசிக்கல்ல" என்றார்.

அவர் சொன்னதை என்னால் முடிந்தவரை அப்படியே தருகிறேன்.

1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். 70,000க்கும் மேற்பட்டோர். கொண்டுசெல்ல விடப்பட்டது மிகக் கொஞ்சம். மாமாவுக்கு அப்போது பதினெட்டு வயது, உம்மாவுக்குப் பத்து. உம்மும்மா கட்டிய துணிப் பையில் இந்தப் புத்தகத்தையும் மாமா திணித்தார். தடிப்பு அதிகம், பை மூடவில்லை. நடுவில் நூலை அறுத்து இரண்டாகப் பிளந்து, கைக்கு வந்த பாதியைச் சாரத்துக்குள் சுற்றிக்கொண்டார். முன்பாதியா பின்பாதியா என்றுகூடப் பார்க்கவில்லை. மழைக்கால இருட்டில் படகேறி, மறுநாள் கற்பிட்டிக் கரையில் இறங்கியிருக்கிறார்கள். நனைந்து, வாந்தியெடுத்து, நிற்க முடியாமல். முன்பின் தெரியாத பெண்கள் ஓடிவந்து உம்மாவைத் தூக்கியெடுத்திருக்கிறார்கள். யாரோ சுடச்சுடத் தேநீரும் பாணும் தந்திருக்கிறார்கள். பிறகு தென்னந்தோப்பில் கிடுகுக் குடில், தண்ணீருக்கு வரிசை, வருடக்கணக்கான முகாம் வாழ்க்கை.

"நீங்க அந்தக் குள்ள மனிசர ஏமாளியா வரைஞ்சிருக்காங்க எண்டு சொல்றீங்க. அது உண்மையாயிருக்கலாம். எனக்கு அவங்க கரையில ஒதுங்கினவனுக்குத் தண்ணி குடுத்த சனம். யார் நீ, எங்கேருந்து வந்த எண்டு கேக்காத சனம். அந்தப் படத்தப் பாக்கக்குள்ள எனக்குக் கற்பிட்டிக் கரைதான் தெரியும்."

இதற்கு நான் என்ன சொல்ல? என் வாப்பா கற்பிட்டிக்காரர். அன்று கரைக்கு ஓடிய பெண்களில் என் வாப்பாவின் உம்மாவும் ஒருவர். கரையொதுங்கியவர்களும் கரையில் நின்றவர்களும் சேர்ந்ததுதான் எங்கள் வீடு. அப்படியிருந்தும் இப்படியொரு வாசிப்பு இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மாமா இன்னொன்றும் சொன்னார். வேதாளரிடம் அவருக்குப் பிடித்தது துப்பாக்கியோ வெள்ளைக் குதிரையோ அல்லவாம். மண்டையோட்டுக் குகைதானாம். "நானூறு வருசமா ஒரே இடம். எங்க போனாலும் திரும்பி அங்கேயே வாறான். வாப்பாட கப்ரும், வாப்பாட வாப்பாட கப்ரும் உள்ளுக்கே இருக்கு. ஒருத்தனும் அவன வெளிய போ எண்டு சொல்லல்ல." குடிலில் மழை ஒழுகும் இரவுகளில், முந்திய வேதாளர்கள் வரிசையாக அடக்கப்பட்டிருக்கும் அந்தப் படத்தைத்தான் விரித்து வைத்துக்கொண்டு இருப்பாராம். அவருடைய வாப்பாவின் வாப்பா மன்னாரில் அடங்கியிருக்கிறார். இங்கு வந்து பல வருடங்களுக்கு யாரும் அந்தப் பக்கம் போக முடியவில்லை.

என் கருத்தை நான் முழுதாக மாற்றிக்கொள்ளவில்லை. படங்களில் காட்டு மக்கள் வாய் பிளந்து நிற்பது மாமா சொன்னதால் மறைந்துவிடாது. ஆனால் வரைந்தவர் ஓரத்தில் நிறுத்திய மக்களே கதையை எடுத்துத் தங்களுக்கு வேண்டியபடி பயன்படுத்திக்கொள்வதும் நடக்கிறது. பப்புவா நியூகினியின் மலைநாட்டில், வாகி பள்ளத்தாக்கு மக்கள் எண்பதுகளில் தங்கள் போர்க் கேடயங்களில் இந்த முகமூடிக்காரரை வரைந்தார்கள். அவர்களிடம் அவர் அவுஸ்திரேலியாவில் அச்சான புத்தகங்கள் வழியாகப் போய்ச் சேர்ந்தார். சாகாதவர் என்று பெயர் பெற்றவரைக் கேடயத்தில் வைப்பது பொருத்தம்தானே. லீ ஃபால்க் அவர்களுக்காக எழுதவில்லை. மன்னாரிலிருந்து வந்த பதினெட்டு வயதுப் பையனுக்காகவும் எழுதவில்லை.

கடைசிக் கதைக்கு வருகிறேன். எங்களிடம் உள்ள இறுதிப் பக்கத்தில் வேதாளர் காயப்பட்டுக் கிடக்கிறார். குள்ளர்களின் தலைவர் குரான் காட்டுக்குள் ஓடுகிறார். முரசுகள் ஒலிக்கின்றன. அடுத்த பக்கம் மன்னாரில் தங்கிவிட்டது. முகாமில் பிள்ளைகளுக்கு மாமாதான் கதை சொல்லி. இந்தக் கதையையும் சொல்வார், முடிவைத் தானே கட்டிச் சொல்வார். இக்கட்டுரைக்காக என் மச்சான்மார், மச்சிமார், ராத்தா எல்லோரிடமும் கேட்டேன். ராத்தா கேட்ட முடிவில் வேதாளர் இறந்து மகன் வருகிறான். பெரிய மச்சானுக்குச் சொன்னதில் மூலிகை கிடைக்கிறது. உம்மாவுக்குச் சொன்னதில் குரானே உடுப்பை மாட்டிக்கொண்டு கொள்ளையரை விரட்டுகிறார். உயரம் போதாததால் குதிரைமேல் நின்றுகொண்டு. எனக்குச் சொன்னதில் எல்லோரும் படகேறி வேறு கரைக்குப் போகிறார்கள். மொத்தம் ஐந்து முடிவுகள் கிடைத்தன. சிவகாசியில் அச்சான உண்மையான முடிவு எது என்று மாமாவிடம் கேட்டேன். அவருக்கு மறந்துவிட்டதாம். அண்மைக் காலத்தில் பழைய வேதாளர் கதைகளை நல்ல தாளில் மறுபடி அச்சிடுகிறார்கள், தெரிந்தவர்கள் இந்தியாவிலிருந்து வரும்போது எடுப்பிக்கலாம் என்றேன். "பாப்பம்" என்றார். மாமா 'பாப்பம்' என்றால் வேண்டாம் என்று பொருள்.

அறுந்த நூலை நான் இப்போது மாற்றித் தைத்திருக்கிறேன். உதிரும் ஓரங்களுக்கு டிசூத் தாள் ஒட்டியிருக்கிறேன். கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் நாலு வெள்ளைத் தாள் சேர்த்துத் தைக்கச் சொன்னார் மாமா. தைத்தேன். ராத்தாவின் சின்ன மகன் முதல் தாளில் ஏற்கெனவே ஒரு குதிரை வரைந்துவிட்டான். அதற்குக் கால் ஐந்து. கேட்டால், அது கழுதையாம், நம் ஊர்த் தெருவில் திரியும் கழுதைதான் வேதாளரைத் தேடிப் போகிறதாம்.